சக்கரத்தைச் சுழற்றும் எலி

இரண்டு பெட்டிகள், பெட்டிக்கு ஓர் எலி. இரண்டின் வாலிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் பாய்கிறது. முதல் எலிக்கு முன்னால் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அதைச் சுழற்றினால் மின்சாரம் நிற்கும். இரண்டு எலிகளுக்கும் சேர்த்தே நிற்கும். இரண்டாவது எலி என்ன செய்தாலும் ஒன்றும் நடக்காது, பக்கத்துப் பெட்டிக்காரன் சுழற்றினால்தான் அதற்கு விடிவு. ஆக, இரண்டும் வாங்கிய அடி வினாடிக் கணக்கில் ஒன்றே. ஆனால் மறுநாள் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இரண்டாவது எலி புதிய எலிகளிடம் நெருங்க அஞ்சுகிறது. ஓடித் தப்ப வழியுள்ள இடத்திலும் முடங்கிக் கிடக்கிறது. முதல் எலியோ அடியே படாத எலியைப் போல ஏறக்குறைய இயல்பாக நடமாடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் மேயரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் சோதனை இது. 2012இல் அவர்கள் இதே சோதனையை வளரிளம் பருவத்து எலிகளிடம் செய்தார்கள். அந்த வயதில் சக்கரம் வாய்த்த எலி, வளர்ந்து பெரிதான பிறகு சக்கரமே இல்லாத பெட்டியில் மாட்டிக்கொண்டபோதும் நிலைகுலையவில்லை.

நம் வீடுகளில் பிள்ளைகளின் மன அழுத்தம் பற்றி நடக்கும் வாதம் பெரும்பாலும் அளவைப் பற்றியது. "பாவம், ஏற்கெனவே சுமை அதிகம்" என்பது ஒரு கட்சி. "கொஞ்சம் அழுத்தினால்தான் உருப்படுவான்" என்பது எதிர்க்கட்சி. குழம்புக்கு உப்பு கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்பதுபோல இரண்டு தரப்பும் அளவையே பேசுகின்றன. அந்த எலிகளுக்கோ உப்பு சமம். கதி மட்டும் வேறு. வளரிளம் பருவத்து மூளையைப் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் சேர்ந்துள்ள ஆதாரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எவ்வளவு அழுத்தம் என்பதைவிட வேறு மூன்று கேள்விகள் முக்கியமாகத் தெரிகின்றன. அந்த அழுத்தத்தின்மீது பிள்ளைக்கு ஏதாவது பிடி இருக்கிறதா? அதற்கு முடிவு உண்டா? அதை யார் முன்னால் பட வேண்டியிருக்கிறது?

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் அதன் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ் ஒரு சமிக்ஞை அனுப்பும். அதைப் பெற்ற பிட்யூட்டரி இன்னொன்றை அனுப்பும். சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். சர்க்கரை ஏறும், உடல் விழித்துக்கொள்ளும். இது உயிர் காக்கும் ஏற்பாடு. வெவ்வேறு தீங்குகளுக்கு உடல் ஒரே மாதிரியான பதிலைத் தருகிறது என்று ஹான்ஸ் செல்யே 1936இல் எழுதியபோது, இது கழுத்துக்குக் கீழே நடக்கும் சங்கதி என்றே கருதப்பட்டது. 1968இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன் ஒன்றைக் கண்டுபிடித்தார்: எலியின் மூளையில், நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியிலேயே இந்த வகை ஹார்மோன் போய் ஒட்டிக்கொள்கிறது. மூளை கட்டளையிடும் முதலாளி மட்டுமல்ல. தான் இட்ட கட்டளையின் விளைவு தன் தலைமீதே வந்து விழுவதைத் தாங்க வேண்டிய உறுப்பும்கூட.

இனி அந்த வயதின் விசேஷத்துக்கு வருவோம். சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் 1970களில் இறந்தவர்களின் மூளைத் திசுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளைப் பொறுமையாக எண்ணினார். ஒன்றிரண்டு வயதுக் குழந்தையின் நெற்றிப்புறத்து மூளையில் இணைப்புகளின் அடர்த்தி வளர்ந்தவர்களுடையதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. பிறகு ஏறக்குறைய பதினாறு வயதுவரை அது குறைந்துகொண்டே வந்தது. 1999இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஜே கீட் குழுவினர், உயிரோடிருக்கும் 145 பிள்ளைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் படம்பிடித்து, அவர்களில் பலரைச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப அழைத்தும் பார்த்தார்கள். நெற்றிப்புறத்துச் சாம்பல்நிறப் பொருள் பெண்பிள்ளைகளுக்குப் பதினோரு வயதிலும் ஆண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டிலும் உச்சத்தைத் தொட்டு, அதன்பிறகு மெலியத் தொடங்கியது. இது தேய்மானம் அல்ல, கவாத்து. பயன்படும் கிளை தடிக்கிறது, பயன்படாதது வெட்டப்படுகிறது. மிஞ்சிய நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை ஏறி, செய்தி விரைந்து ஓடுகிறது. யோசித்து முடிவெடுக்கவும் உணர்ச்சியை அடக்கவும் உதவும் முன்மூளைப் புறணியில் இந்த வேலை இருபதுகளின் நடுப்பகுதிவரை நீள்கிறது.

கவாத்து நடக்கும் காலத்தில் தோட்டத்தில் வீசும் காற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. முப்பது வயதுக்காரர் ஒரு கெட்ட ஆண்டைக் கடக்கும்போது, கட்டி முடித்த வீட்டில் மழை பெய்கிறது. பதினைந்து வயதில் அதே மழை, பூச்சு காயாத சுவரில் விழுகிறது. போதாததற்கு மழை கொஞ்சம் நீளமாகவும் பெய்கிறது. நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் ரஸ்ஸல் ரோமியோ செய்த சோதனைகளில், அரைமணி நேரம் அடைத்துவைக்கப்பட்ட வளர்ந்த எலியின் அழுத்த ஹார்மோன் சீக்கிரமே இறங்கிவிட்டது. பருவமடையாத இளம் எலியிலோ அது பழைய நிலைக்கு வர முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்வரை கூடுதலாகப் பிடித்தது. தூண்டியது ஒன்றே, அணைப்பதற்குரிய ஏற்பாடுதான் இன்னும் கைக்கு வரவில்லை. மனநோய்களின் தொடக்க வயதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 2005இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வின்படி, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி பதினான்கு வயதுக்குள்ளும், முக்கால்வாசி இருபத்துநான்குக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன.

நீண்டகால அழுத்தம் மூளையில் என்ன செய்கிறது என்பதற்கான தெளிவான சான்றுகளில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரில் கிடைத்தது. தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளைத் தினமும் இரண்டு மணி நேரம், பத்து நாள் அசையவிடாமல் வைத்திருந்தார்கள். ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன, இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் செழித்து வளர்ந்திருந்தது. இந்த முடிவு 2002இல் வெளியானது. பிறகு எலிகளுக்கு இருபத்தொரு நாள் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது, அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே நின்றது, எலியின் பதற்றமும் போகவில்லை. அழுத்தம் மூளையைச் 'சேதப்படுத்துகிறது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது ஏன் போதாது என்பதை இந்தச் சோதனை காட்டுகிறது. மூளை இங்கே பழுதாகவில்லை. நினைவுக்கான இடத்தைக் குறைத்து அச்சத்துக்கான இடத்தைக் கூட்டி, ஆபத்தான உலகத்துக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது. உலகம் மாறிய பிறகும் அந்தத் திருத்தத்தில் ஒரு பாதி அழியாமல் தங்கிவிடுவதுதான் சிக்கல்.

எலியை வைத்துக்கொண்டு மனிதப் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு முழு உரிமை உண்டு. எலிக்குப் பொதுத்தேர்வு இல்லை, கட் ஆஃப் இல்லை, அண்டை வீட்டார் இல்லை. சட்டர்ஜியின் எலிகள் வளர்ந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதர்களிடம் இத்தகைய சோதனையைச் செய்ய முடியாது. ஆனால் தேர்வு முறை அதைத் தானே செய்துவிடுகிறது. கானர் லிஸ்டன், மெக்யூவன், பி.ஜே. கேசி ஆகிய மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய உரிமத் தேர்வுக்கு ஒரு மாதமாக ராப்பகலாகத் தயாராகிவந்த மருத்துவ மாணவர்களை ஸ்கேனில் படுக்கவைத்துக் கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொன்னார்கள். அழுத்தம் மிகுந்தவர்கள் தடுமாறினார்கள்; முன்மூளைப் புறணி மற்றப் பகுதிகளோடு சேர்ந்து இயங்குவது தளர்ந்திருந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது தளர்ச்சி மறைந்துவிட்டது. இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அழுத்தம் குலைப்பது, தேர்வுக்கு வேண்டிய அதே கவனத்தைத்தான். ஓய்வு கிடைத்தால் குலைந்தது திரும்புகிறது. அந்த மாணவர்கள் இருபதுகளில் இருந்தவர்கள், அவர்களுக்குத் தேர்வு முடிந்தபின் ஒரு மாதம் உண்மையிலேயே கிடைத்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் பிள்ளைக்கு அந்த மாதம் எங்கே இருக்கிறது?

மனிதர்களுக்கு எது கார்ட்டிசாலை அதிகம் ஏற்றுகிறது என்பதற்கும் விடை உண்டு. சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி என்ற இருவர் 208 ஆய்வக ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏற்றத்தைப் பெருக்கியவை இரண்டு: பிறர் எடைபோடும் பார்வை, என்ன செய்தும் விளைவை மாற்ற முடியாத நிலை. இரண்டும் சேர்ந்தபோது ஹார்மோன் மிக உயர ஏறியது, இறங்கவும் மிகத் தாமதித்தது. அந்தச் சக்கரம் மறுபடி வந்து நிற்பதைக் கவனியுங்கள். இந்த இரண்டில் முதலாவது, வளரிளம் பருவத்தினர்மீது கூடுதல் வேகத்தோடு பாய்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் சாரா ஜெய்ன் பிளேக்மோர் குழுவினர், கணினியில் பந்து எறிந்து விளையாடும் ஓர் எளிய ஆட்டத்தில் பெண்பிள்ளைகளையும் வளர்ந்த பெண்களையும் சேர்த்தார்கள். சற்று நேரத்தில் மற்ற ஆட்டக்காரர்கள் பந்தைத் தராமல் ஒதுக்கத் தொடங்குவார்கள். முன்பின் தெரியாதவர்கள், அற்ப ஆட்டம். இருந்தாலும் பதின்ம வயதினரின் மனநிலை பெரியவர்களுடையதைவிட அதிகம் சரிந்தது. ஆறுதலுக்கு அம்மா இருக்கிறாரே என்றால், அங்கேயும் ஒரு வில்லங்கம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னரும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நடுவர்கள்முன் பேசப் போகும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ உடனிருந்தது கார்ட்டிசாலைத் தணித்தது. பதினைந்து, பதினாறு வயதினருக்கு அந்தத் துணை ஹார்மோன் அளவில் எடுபடவில்லை. அவர்கள் பெற்றோரை வெறுக்கிறார்கள் என்று இதற்குப் பொருளல்ல. மருந்து அதுவே, வாங்கிக்கொள்ளும் உடல்தான் மாறிவிட்டது.

இந்த வெளிச்சத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பார்த்தால், பாடச் சுமையைவிட மதிப்பெண்ணைக் காட்சிப்பொருளாக்கும் பழக்கம் உறுத்துகிறது. பெரும்பாலும் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை: வகுப்பில் மதிப்பெண்ணை உரக்க வாசிப்பது, வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவது, கோச்சிங் சென்டரில் வாராவாரம் மாதிரித் தேர்வு வைத்து அந்த வரிசைப்படி உட்காரவைப்பது, வாசலில் முதலிடம் பிடித்தவர் முகத்தை ஃப்ளெக்ஸில் அச்சடிப்பது. படிப்பின் கனத்தை ஒரு கிராம்கூடக் கூட்டாமல், எடைபோடும் பார்வையைப் பன்மடங்காக்கும் ஏற்பாடுகள் இவை. 2017இல் மாநில அரசு பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியபோது, திறமைக்கு மரியாதை இல்லையா என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் யாருடைய மதிப்பெண்ணும் குறையவில்லை, பாடம் ஒரு பக்கம்கூட எளிதாகவில்லை. அளவைத் தொடாமல் வடிவத்தை மாற்றிய முடிவு என்ற வகையில், அது பலர் நினைப்பதைவிடப் புத்திசாலித்தனமானது.

இனி, மிகவும் வலுவான எதிர்வாதம். நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கஷ்டம் தெரியாமல் வளர்த்தால் பிள்ளை பூஞ்சையாகிவிடும் என்கிறார்கள் பெரியவர்கள். இதைக் கேட்டதும் உளவியல் படித்தவர்கள் முகம் சுளிப்பது நியாயமில்லை, ஏனென்றால் இதில் பாதி உண்மை. ஸ்டான்ஃபோர்டில் கரேன் பார்க்கர், டேவிட் லயன்ஸ் குழுவினர் அணில்குரங்குக் குட்டிகளைப் பத்து வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் தாயிடமிருந்து பிரித்தார்கள். குட்டிகள் கத்தின, தவித்தன. ஆனால் பிறகு புதிய இடத்துக்கு வந்தபோது, பிரியாமலே வளர்ந்த குட்டிகளைவிட இவற்றுக்கு அச்சம் குறைவு, கார்ட்டிசாலும் குறைவு. டேவிட் யேகர் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆறு பரிசோதனைகள் நான்காயிரத்துக்கு மேற்பட்ட இளையோரிடம் நடந்தவை. படபடப்பு உடலைத் தயார்ப்படுத்தும் சக்தி என்றும், திறமை முயற்சியால் வளரும் என்றும் அரைமணி நேரக் கணினிப் பயிற்சியில் எடுத்துச்சொன்னதே அவர்களுடைய உடலின் அழுத்தப் பதிலை இதமாக்கியது. ஆக, கஷ்டம் வேண்டும் என்பவர்கள் தோற்கவில்லை. அவர்கள் கவனிக்க மறந்தது குட்டி ஒரு மணி நேரத்தில் தாயிடம் திரும்பிவிட்டது என்பதையும், அடுத்த தவிப்புக்கு முன் ஆறு நாள் இருந்தது என்பதையும்தான். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம் என்று சொல்பவர்கள் தாங்கி நின்றவர்கள். தாங்காமல் போனவர்கள் இந்த வாக்குவாதத்துக்கு வருவதில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு மிகை இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கூல் குழுவினர், 2018இல் படம்பிடித்த பதின்ம வயதினரைக் கொரோனா முடக்கத்துக்குப் பிறகு மீண்டும் படம்பிடித்தார்கள். மூளைப் புறணி எதிர்பார்த்ததைவிட விரைவாக மெலிந்திருந்தது: பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 4.2 ஆண்டுக்கு இணையான முந்தல், ஆண்பிள்ளைகளுக்கு 1.4 ஆண்டு. 2024இல் இது வெளியானதும், பிள்ளைகளின் மூளைக்கு வயதாகிவிட்டது என்று தலைப்புகள் அலறின. ஆனால் மெலிவது அந்த வயதின் இயல்பு. முந்தி மெலிந்தது கேடு என்பது இன்னும் நிறுவப்படவில்லை. முடக்கத்தை அனுபவிக்காத ஒரு கூட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை, உலகமே அதற்குள் இருந்தது. எந்த ஸ்கேனும் ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்லுமே தவிர, உங்கள் வீட்டுப் பிள்ளையின் தலையெழுத்தைச் சொல்லாது. அழுத்தம் என்றாலே தேர்வு என்று பேசுவதும் நடுத்தர வர்க்கத்தின் பழக்கம். பசி, வீட்டில் அடிதடி, சாதியால் வரும் அவமானம் ஆகியவற்றுக்கு அட்டவணையும் இல்லை, விடுமுறையும் இல்லை, சக்கரம் என்ற பேச்சே இல்லை.

இவ்வளவு இளகிய காலம் என்றால், நல்லதும் அதே வேகத்தில் பதிய வேண்டுமே? பதிகிறது என்பதற்குக் கன்னர் 2019இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு சாட்சி. வெவ்வேறு நாடுகளின் அனாதை விடுதிகளில் குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தைக் கழித்து, பிறகு அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப்போன பிள்ளைகளை அவர் பின்தொடர்ந்தார். பருவமடைதலின் தொடக்கத்தில் அவர்களுடைய கார்ட்டிசால், மேடையில் பேசச் சொன்னாலும் ஏறாமல் மழுங்கிக் கிடந்தது. பருவ வளர்ச்சி முன்னேற முன்னேற, சொந்தக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைகளுடையதைப்போல ஏறி இறங்கத் தொடங்கியது. பல ஆண்டு நல்ல வீடு செய்ய முடியாமல் இருந்ததைப் பருவ மாற்றத்தோடு சேர்ந்த நல்ல வீடு செய்தது. இதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவுகோலைத் திரும்ப அடையாளமிடும் வாய்ப்பு ஒருமுறை வருகிறது, அவ்வளவே. அந்த நேரத்தில் சுற்றுப்புறம் எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப அடையாளம் விழுகிறது.

தூக்கத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழுத்தம் இறங்குவதற்கு உடல் வைத்திருக்கும் முதல் வழி அதுதான். பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது, மெலட்டோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது என்பதைப் பிரௌன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார். பதினோரு மணிக்கும் தூக்கம் வராத பையனைச் சோம்பேறி என்று திட்டி, அதிகாலை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பும்போது, நாம் மல்லுக்கு நிற்பது அவனோடு அல்ல, அவனுடைய சுரப்பிகளோடு. கலிஃபோர்னியா மாநிலம் 2019இல் சட்டமியற்றி, 2022 ஜூலை முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்றது. பாடத்தில் ஒரு வரியையும் அது குறைக்கவில்லை.

மேயரின் எலிகளிடம் திரும்புவோம். சக்கரம் இருப்பதை மூளையில் எது அறிகிறது என்று அவர் தேடியபோது விடை முன்மூளைப் புறணியில் கிடைத்தது. அந்தப் பகுதியைத் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்தால், எலி சக்கரத்தைச் சுழற்றி மின்சாரத்தை நிறுத்தும். ஆனால் சக்கரமே இல்லாத எலியைப்போலவே மறுநாள் முடங்கும். 1960களில் மேயரும் மார்ட்டின் செலிக்மனும், இயலாமை கற்றுக்கொள்ளப்படுவது என்று எழுதிப் புகழ்பெற்றவர்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் கொள்கையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்குவது பாலூட்டி மூளையின் பிறவிச் சுபாவம். கற்றுக்கொள்ளப்படுவது, என்னால் ஏதாவது செய்ய முடியும் என்பதுதான் என்றார்கள். கவாத்து நடந்துகொண்டிருக்கும் அதே புறணிதான் இந்தப் பாடத்தைக் கற்கிறது. ஆகவே பதினாறு வயதில் எந்தப் பாடப்பிரிவு என்பதை யார் தேர்ந்தெடுத்தார்கள், படிக்கும் அட்டவணையை யார் போட்டார்கள், தோற்றால் அடுத்து என்ன என்பதை யாராவது முன்கூட்டிச் சொல்லிவைத்தார்களா என்பதெல்லாம் செல்லம் கொடுக்கும் விவகாரங்கள் அல்ல, உடற்கூற்று விவகாரங்கள்.

பொதுத்தேர்வு முறைக்குள்ளேயே சில சக்கரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2026 முதல் பத்தாம் வகுப்புத் தேர்வை ஆண்டுக்கு இருமுறை நடத்த சி.பி.எஸ்.இ. முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் 2017-18இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025-26இலிருந்து இல்லை என்று அரசு அறிவித்தது. மூன்று ஆண்டு இடைவிடாத மழையில் நடு ஆண்டு சற்று வெறித்திருக்கிறது. தேர்ச்சி பெறாதவர்களுக்கு ஓர் ஆண்டு வீணாகாமல் உடனடியாகத் துணைத்தேர்வு நடத்தும் வழக்கமோ பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஆனால் முடிவு வெளியாகும் நாளில் தேர்ச்சி விழுக்காடு, எந்த மாவட்டம் முதலிடம், மாணவியர் எத்தனை விழுக்காடு முன்னிலை என்பதெல்லாம் தடித்த எழுத்தில் வந்த பிறகு, செய்தியின் கடைசிப் பத்தியில்தான் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி இருக்கும். அன்றைக்கு யாருக்கு அந்தத் தேதி வேண்டுமோ, அந்தப் பிள்ளை அதுவரை படித்திருப்பதில்லை.